வேலியோரத்துச் செங்காந்தள் – அதை அறிந்துகொள்ளும் முறை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

வசந்தம் என்றவுடன் சித்திரையும் வைகாசியும், மாந்தளிரும் குயிலோசையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு உண்மையான வசந்தம் மழைக்குப் பின்னரே வருகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் பக்கத்துக் கொரங்காடுகளில் புல்லும் கருகிக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசி மழை விழுந்த பின்தான் வேலிகள் உயிர் பெறும். அந்த வேலி வசந்தத்தின் அரசி செங்காந்தள். கார்த்திகையில் பூப்பதால் அதற்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயர்.

இம்மலரின் அழகைப் பாடிய புலவர்கள் பலர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் தொண்ணூற்றொன்பது மலர்களில் முதலிடம் பெறுவது இதுவே. மகளிரின் மெல்விரலுக்கும் எரியும் சுடருக்கும் இதை உவமையாக்கினர் முன்னோர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. எனினும் இக்கட்டுரையின் நோக்கம் அழகைப் பாடுவது அன்று. பூ இருக்கும்போது இச்செடியை அறியாதார் இல்லை. பூ இல்லாதபோது அறிவது எப்படி என்பதே கேள்வி. அதில் சில வேளைகளில் உயிரே அடங்கியிருக்கிறது.

ஒரு மாசி மாதத்து மாலை

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது நடந்தது இது. மாசி மாதத்தில் ஒருநாள் கிளுவை வேலியின் இடைவெளியை அடைப்பதற்காகக் குழி தோண்டினார்கள். விரல் பருமனில் சில கிழங்குகள் வெளிவந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் நான்கு சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டோம். காட்டு வள்ளிக்கிழங்கு என்று எங்களில் மூத்தவன் சொன்னான். பனையோலையைக் கொளுத்தி, அந்தத் தணலில் கிழங்குகளைப் புதைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். அவ்வழியே விறகு சுமந்து வந்த என் அம்மாயி ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். மறுகணமே அத்தனையையும் குச்சியால் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்.

"கெழங்கு ரெண்டு கெளையா, கலப்பையாட்டம் இருந்தா வாயில வைக்கப்படாது. இது கண்வலிக்கெழங்கு. தின்னா விடியறதுக்குள்ள குடலைப் புரட்டிப் போடும்" என்றார். "அப்படின்னா கொடி எங்கே அம்மாயி?" என்று கேட்டேன். "மாசியில கொடி எங்கடா இருக்கும்? அதனாலதான் கெழங்கைப் பாத்துத் தெரிஞ்சுக்கோணும்" என்றார்.

அம்மாயி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால் அவர் அன்று சொன்ன ஒரு வாக்கியத்தில் புறஅமைப்பியலும் சூழ்நிலையியலும் சேர்ந்தே இருந்தன என்பது இக்கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் படித்த பின்புதான் எனக்கு விளங்கிற்று.

பெயரும் குடும்பமும்

இதன் தாவரவியற் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட பெயர் இது. இரண்டு சொற்களும் இலத்தீன் மொழியில் பெருமையையும் பேரழகையும் குறிப்பவை. பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டிலும், அதனைத் தழுவி எழுதப்பட்ட கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் இச்செடி லில்லியேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய வகைப்பாட்டில் இது கோல்ச்சிக்கேசி என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய நூலில் தேடுவோர் இந்த மாற்றத்தை நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. பூக்கும் காலத்தால் கார்த்திகைப்பூ. கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு. கலப்பையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த இலாங்கலி என்ற பெயர் மருத்துவ நூல்களில் வழங்குகிறது. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையால் கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்பர். பார்த்தால் கண் நோகாது. ஆயினும் குழந்தைகளை இச்செடியினின்று விலக்கி வைப்பதற்கு அப்பெயர் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டிருக்கிறது எனலாம்.

வாழிடம்

ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகள், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் இது இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. நம் நாட்டில் மலைச்சரிவுகளிலும், சமவெளியின் முட்புதர்க் காடுகளிலும், கடலோர மணற்பாங்கான நிலங்களிலும் காணலாம்.

இடங்கள் வேறுபட்டாலும் இரண்டு நிபந்தனைகள் மாறுவதில்லை. முதலாவது, நீர் தேங்காத மண். ஆண்டில் பாதிக்காலம் உறங்கிக் கிடக்கும் கிழங்கு நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே செம்மண், சரளை, மணல் கலந்த நிலங்களில் தேடலாம். வயல் வரப்பின் சேற்றில் தேடுவது வீண். இரண்டாவது, பற்றிக்கொள்ள ஒரு துணை. இதன் தண்டு மெலிந்தது. தானே நிமிர்ந்து உயர்ந்து நிற்க இயலாதது. கள்ளி, கிளுவை, காரை, சூரை போன்ற முட்புதர்களின் நடுவே முளைத்து, அவற்றைப் பற்றி ஏறி, உச்சியில் பூக்கும். முட்புதர் இதற்கு ஏணியாகவும் ஆட்டின் வாயினின்று காக்கும் அரணாகவும் அமைகிறது. கொங்கு நாட்டின் முள்கிளுவை உயிர்வேலிகள் இதற்கு மிகவும் ஏற்ற இல்லங்கள்.

தண்டும் இலையும்

இலையைக் கொண்டே இச்செடியைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். இலைக்குக் காம்பில்லை, தண்டோடு ஒட்டியிருக்கும். அடி அகன்று நுனி நோக்கிக் குறுகும் ஈட்டி வடிவம். ஒருவித்திலைத் தாவரமாதலால் நரம்புகள் இணைப்போக்கில் ஓடும். ஒரே தண்டில் சில இலைகள் மாற்றிலை அடுக்கத்திலும், சில எதிரெதிராகவும், சில மூன்று மூன்றாகவும் இருக்கக் காணலாம். ஆகவே இலையடுக்கத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லுதல் கூடாது.

தனிச்சிறப்பு இலையின் நுனியில் இருக்கிறது. இலை கூர்மையாக முடிந்துவிடாமல் மெல்லிய பற்றுக்கம்பியாக நீண்டு, கடிகாரச் சுருள் போலச் சுருண்டிருக்கும். பாகற்கொடியில் பற்றுக்கம்பி தண்டின் கணுவிலிருந்து வருகிறது. பட்டாணியில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலைகளே பற்றுக்கம்பியாகின்றன. காந்தளிலோ ஒரு முழுத் தனியிலையின் நுனி மட்டும் நீண்டு பற்றுக்கம்பியாகிறது. அடிப்பகுதி உணவு தயாரிக்கிறது; நுனி ஏறுவதற்கு உதவுகிறது. முளைத்த சில நாட்களில் தோன்றும் கீழ் இலைகளில் இச்சுருள் இல்லாமலும் இருக்கலாம். மேல் இலைகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பூ

இலைக்கோணத்திலிருந்து நீண்ட காம்பில் தனித்தனியாகப் பூக்கள் தொங்குகின்றன. மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து நிற்கும். விரியும்போது ஆறு பூவிதழ்களும் பின்னோக்கி வளைந்து மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். பூவின் முகம் தரையைப் பார்க்க, இதழ்கள் வானத்தைப் பார்க்கும். இதழ்கள் குறுகி நீண்டவை. ஓரங்கள் அலையலையாக நெளிந்தவை. காற்றில் அசையும்போது தீச்சுடர் போலத் தோன்றுவதற்கு இந்நெளிவே காரணம்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பூ விரியும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருக்கும். பின்னர் அடியில் மஞ்சளும் மேலே சிவப்பும் ஆகும். நாட்கள் செல்லச் செல்ல முழுவதும் செந்நிறமாகும். ஒரே கொடியில் இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே காணலாம். இதனை அறியாதவர் மஞ்சட்பூச் செடி ஒன்று, செம்பூச் செடி ஒன்று என இருவகையாக எண்ணிவிடுவர்.

மகரந்தத்தாள்கள் ஆறு. சக்கரத்தின் ஆரங்கள் போல அவை பக்கவாட்டில் விரிந்திருக்கும். மகரந்தப்பைகள் நடுவில் மட்டும் பொருத்தப்பட்டு, தொட்டால் ஆடும் நிலையில் இருக்கும். சூற்பை மேல்மட்டமானது, மூன்று அறைகளும் அச்சுச் சூல்ஒட்டு முறையும் உடையது. மிக வியப்பானது சூலகத்தண்டு. அது சூற்பையிலிருந்து நேராக நீளாமல், அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக ஒரு பக்கம் மடங்கிச் செல்கிறது. நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். இவ்வாறு சூலகமுடி விலகி நிற்பதால், தன் பூவின் மகரந்தம் தன்மேல் விழுவதற்கான வாய்ப்பு குறைகிறது. அயல் மகரந்தச் சேர்க்கைக்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. இதனை வயலில் பயிரிடும் உழவர்கள் காய்ப்பிடிப்பை மிகுவிக்கக் காலை வேளையில் கையால் மகரந்தம் சேர்ப்பதும் இதனாலேயே.

கனியும் கிழங்கும்

கனி நீள்வட்ட வடிவான வெடிகனி. பச்சையாக இருந்து காய்ந்து, மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் உருண்டையான விதைகள் வரிசையாக இருக்கும். இந்நிறம் குழந்தைகளின் கண்ணைக் கவரக்கூடியது. விதையும் நஞ்சு என்பதால் இதைச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள் இருப்பது வேரன்று. உருமாறிய தரைகீழ்த் தண்டு. உருண்டு நீண்ட இரு கிளைகள் ஓரிடத்தில் கோணமாகக் கூடி, கவைக்கொம்பு போலவும் நாட்டுக் கலப்பை போலவும் இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்குருத்து உண்டு. அடுத்த மழைக்கு முளைவிடுவது அக்குருத்தே. அது ஒடிந்தால் அக்கிளை முளைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன் உணவைக் கொடியிடம் கொடுத்துச் சுருங்க, புதிய கிழங்கு உருவாகிறது.

அம்மாயி சொன்ன கவை வடிவம் சிறந்த அடையாளமே. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தோண்டும்போது கிளை ஒடிந்துவிட்டால் கையில் கிடைப்பது நேரான ஒரு துண்டுதான். விதையிலிருந்து முளைத்த இளஞ்செடியின் சிறு கிழங்கிலும் கவை தெரியாது. ஆகவே கவை இருந்தால் தின்னக் கூடாது என்பது உறுதி. கவை இல்லாவிட்டால் தின்னலாம் என்பது அதனால் பெறப்படாது. ஓர் அடையாளம் இருப்பதற்கும் இல்லாமைக்கும் சமமான மதிப்பு இல்லை என்ற பாடத்தை இக்கிழங்கு எனக்குக் கற்பித்தது.

எம்மாதத்தில் எதைப் பார்ப்பது?

மழையைப் பொறுத்து முன்பின்னாகும் எனினும், எங்கள் பகுதியில் நான் கண்ட வரிசை இதுவே.

ஆவணி, புரட்டாசி: மண்ணைப் பிளந்து முளை வரும். இலைநுனிச் சுருளைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: பூக்காலம். ஐயத்திற்கே இடமில்லை.

மார்கழி, தை: மூன்று அறைக் கனிகளையும், பழுப்பாகும் இலைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் சுருளையும் பார்க்க வேண்டும்.

மாசி முதல் ஆடி வரை: மண்ணுக்கு மேல் எதுவும் இராது. வேலியில் சிக்கிய சருகுத் தண்டும் வெடித்த கனியின் தோலும் மட்டும் சில வேளை கிடைக்கும்.

இக்கடைசிக் காலமே ஆபத்தானது. உணவுக்காகக் கிழங்கு அகழ்வதும், வேலி அடைப்பதும், நிலம் திருத்துவதும் பெரும்பாலும் இம்மாதங்களில்தான்.

மயங்கத்தக்க பிற செடிகள்

வள்ளிக்கொடி: உண்ணத்தகும் இக்கொடியின் இலை இதய வடிவமானது, நீண்ட காம்புடையது. முதன்மை நரம்புகளுக்கிடையே வலைப்பின்னல் தெளிவாகத் தெரியும். பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றி ஏறும்.

சர்க்கரைவள்ளி: தரையில் படரும். இலைக்குக் காம்பும் வலைப்பின்னல் நரம்பமைவும் உண்டு. கிள்ளினால் பால் வடியும். இலங்கையில் காந்தள் கிழங்கைச் சர்க்கரைவள்ளி எனத் தவறாக எண்ணி உண்டு உயிரிழந்தோர் உண்டு என மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

தண்ணீர்விட்டான்: இதன் வேர்க்கிழங்குகள் ஓரிடத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும். தண்டில் முள்ளும் ஊசி போன்ற பசுங்கிளைகளும் இருக்கும்.

பிளாஜெல்லேரியா: இலைநுனி பற்றுக்கம்பியாகும் வேறொரு செடி. கடலோர ஈரக்காடுகளில் வளர்வது. தண்டு பிரம்பு போல உறுதியானது. இலையடி உறையாகித் தண்டைச் சுற்றியிருக்கும். பூக்கள் சிறியவை, வெண்மையானவை. இலைநுனிச் சுருள் ஒன்றை மட்டுமே கொண்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது சான்று.

நஞ்சும் மருந்தும்

காந்தளின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. இப்பொருளை முதலில் 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு அறிஞர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிக்கம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தெடுத்தனர்.

செல் பகுப்பின்போது குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகள் நுண்குழல்களால் ஆனவை. கோல்ச்சிசின் அந்நுண்குழல்களின் புரதத்தோடு பிணைந்து அவை உருவாகாமல் தடுக்கிறது. பகுப்பு மெட்டாஃபேஸ் நிலையிலேயே நின்றுவிடும். தாவரச் செல்லில் இவ்வாறு நின்றால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிக்கும். 1937இல் பிளேக்ஸ்லீ இம்முறையைத் தாவரங்களில் நிறுவிக் காட்டினார். விதையில்லாத் தர்ப்பூசணியை ஜப்பானிய அறிஞர் கிஹாரா உருவாக்கியதும் இம்முறையின் துணைகொண்டே.

மனித உடலில் இதே தடை நிகழ்ந்தால் விளைவு கொடியது. விரைந்து பகுப்படையும் குடற்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் தாக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு தோன்றும். அடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் குறைந்து உள்ளுறுப்புகள் பழுதாகலாம். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் உதிர்வதும் உண்டு. வேகவைப்பதாலோ சுடுவதாலோ இந்நஞ்சு அழிவதில்லை. அன்று எங்கள் தணல் எங்களைக் காப்பாற்றியிராது. யாரேனும் தெரியாமல் உண்டுவிட்டால், வாந்தி வரும் வரை காத்திராமல், கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல், எஞ்சிய கிழங்கையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அளவோடு, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் கோல்ச்சிசின் கவுட் எனப்படும் மூட்டுவாதத்திற்கு மருந்தாகிறது. இதற்காகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் கம்பிப் பந்தலில் ஏற்றிக் கண்வலிக்கிழங்கு பயிரிடப்படுகிறது. விதைகள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

கடந்த பருவத்தில் செல்லியல் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம்களைப் பார்த்தோம். அப்போது எங்கள் பேராசிரியர் கோல்ச்சிசினைப் பற்றி விளக்கி, "இது உங்கள் ஊர் வேலியிலேயே இருக்கிறது" என்றார். அந்த நொடியில் மாசி மாதத் தணலும் அம்மாயியின் கைக்குச்சியும் என் கண்முன் வந்தன. ஆய்வகம் ஒரு பக்கமும் ஆடு மேய்த்த காடு மறுபக்கமுமாக எனக்குள் இருந்த இரண்டு உலகங்கள் அன்று ஒன்றாயின.

நண்பர்களே, நம்மிற் பலர் கிராமங்களிலிருந்து வருகிறோம். உலர்தாவர ஏட்டிற்காகச் செடி சேகரிக்கும்போது பூங்கொத்தை மட்டும் கிள்ளி வருகிறோம். காந்தளைப் பொறுத்தவரை அது போதாது. வேலி வகை, மண், மாதம், ஊர் மக்கள் சொல்லும் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வோம். கிழங்கை அகழ்ந்துவராமல், துறையில் உள்ள ஒரு மாதிரியையே அனைவரும் பார்த்துப் படிப்போம். வேலிகளை அழித்துக் கம்பி போடும் இக்காலத்தில் காட்டுக் காந்தளின் இருப்பிடம் சுருங்கி வருகிறது. நம் பங்கிற்கு ஒரு கிழங்கையேனும் மண்ணில் விட்டுவைப்போம்.

இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டுச் சிறுவர்களை வேலியோரம் அழைத்துச் சென்று அந்த இலைநுனிச் சுருளை ஒருமுறை காட்டுங்கள். மாசியில் கொடி இராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாயி எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.